ஒரே வீட்டில் இருவர், ஓர் ஆசனம்

2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 14 ஆம் நாள் நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலில், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்து மக்கள் இலங்கைத் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு அளித்த வாக்குகள் 63,327. அவ்வாக்குகளால் அக்கட்சிக்குக் கிடைத்தது ஒரேயோர் ஆசனம். 32,833 விருப்பு வாக்குகளைப் பெற்ற திரு. சிவஞானம் சிறீதரன் அவ்வாசனத்துக்கு உரியவரானார். அதே பட்டியலில் நின்ற திரு. மதியாபரணன் ஆபிரகாம் சுமந்திரன் தோல்வியுற்றார். ஒரே கட்சி, ஒரே கொள்கை, ஒரே சின்னம். ஆயினும் ஒருவர் உள்ளே சென்றார், மற்றவர் வாயிலில் நின்றார்.

இதனைக் கண்டு மகிழ்ந்தோரும் உளர், வருந்தினோரும் உளர். முன்னையோர் "துரோகம் தோற்றது" என்றனர். பின்னையோர் "அறிவு தோற்றது" என்றனர். இரண்டு கூற்றும் உணர்ச்சியில் பிறந்தவை. நாம் இவ்விரு அணியிலும் சேர்ந்தோமல்லோம். தோட்டக்காரன் விளைச்சலை அளப்பதுபோல, வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, ஏன் போனது என்று கணக்குப் பார்ப்பதே இத்தலையங்கத்தின் நோக்கம். அடுத்த தேர்தலிலும் ஒரே பட்டியலில் நின்று ஒருவரையொருவர் வீழ்த்த முனைவோர் இருப்பர் என்பதில் ஐயமில்லை. அவர்களை எவ்வாறு ஒப்பிடுவது என்பதை இன்றே அறிந்து வைத்திருத்தல் வாக்காளர் கடனாகும்.

போட்டி எவ்வாறு பிறந்தது?

ஒரு காலத்தில் இத்தகைய போட்டி கட்சியின் மண்டபத்துக்குள்ளேயே முடிந்துவிடும். காங்கேசன்துறைக்கு ஒருவர், கோப்பாய்க்கு ஒருவர், ஊர்காவற்றுறைக்கு ஒருவர் எனக் கட்சி ஓர் அபேட்சகரை நிறுத்தும். மனத்தாங்கல் கொண்டவர் ஒதுங்குவார், அல்லது சுயேச்சையாக நின்று பார்ப்பார். வாக்காளன் கட்சிக்கும் ஆளுக்கும் ஒரே புள்ளடியில் தீர்ப்பளித்துவிடுவான்.

1978 ஆம் ஆண்டு அரசியல் யாப்பும், 1988 இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தங்களும் இம்முறையை மாற்றின. குடாநாட்டுத் தொகுதிகள் யாவும் கிளிநொச்சியோடு சேர்ந்து ஒரே தேர்தல் மாவட்டமாயின. இன்று வாக்காளன் முதலிற் கட்சிக்குப் புள்ளடி இடுகிறான். பின்னர் அக்கட்சியின் அபேட்சகர்களுள் மூவருக்கு மேற்படாமல் விருப்பு வாக்கு இடுகிறான். கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதைச் சின்னத்துக்கு விழும் வாக்குத் தீர்மானிக்கும். அவ்வாசனங்களில் யார் யார் அமர்வது என்பதை விருப்பு வாக்குத் தீர்மானிக்கும். ஆகவே எதிர்க்கட்சிக்காரனைத் தோற்கடித்தாலும், தன் பக்கத்தில் நிற்கும் தோழனைத் தோற்கடியாமல் பாராளுமன்றம் செல்ல இயலாத நிலை அபேட்சகனுக்கு ஏற்பட்டது.

இதற்கு முன்னரும் ஓர் எச்சரிக்கை நமக்குக் கிடைத்திருந்தது. 1977 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில், இரட்டை அங்கத்தவர் தொகுதியான மட்டக்களப்பில், திரு. செ. இராசதுரை தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பில் உதயசூரியன் சின்னத்திலும், கவிஞர் காசி ஆனந்தன் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்திலும் நின்றனர். ஒரே இயக்கத்தவர் இருவர், ஒரே தொகுதியில், இரு சின்னங்களில். இராசதுரை வென்றார், காசி ஆனந்தன் தோற்றார். அப்போட்டியில் மூண்ட கசப்பு ஆறவில்லை. 1979 இல் இராசதுரை ஐக்கிய தேசியக் கட்சிக்குச் சென்றார். நெடுங்காலம் ஒரு கட்சியைக் கிழக்கிலே தாங்கி நின்ற தூண் சாய்ந்தது. அவர் சென்றது பிழை என்று நாம் ஆயிரம் முறை கூறலாம். இருவரையும் மோதவிட்டுப் பின் இருவரையும் அணைத்து வைத்திருக்கும் ஏற்பாடு கட்சியிடம் இல்லாதிருந்தது என்பதும் உண்மையே.

இருவரையும் ஒரே கோலால் அளப்போம்

சுமந்திரன் அவர்கள் ஜனாதிபதி சட்டத்தரணி. கொழும்பிலே தொழில் புரிந்தவர். 2010 இல் தேசியப் பட்டியல் வழியாகப் பாராளுமன்றம் புகுந்து, 2015 இலும் 2020 இலும் யாழ்ப்பாண மக்களால் நேராகத் தெரிவு செய்யப்பட்டவர். சட்டமே அவரது ஆயுதம். இந்திய இழுவைப் படகுகள் நமது கடலடியை வாரிச் சென்ற காலத்தில், இழுவைமடித் தொழிலைத் தடை செய்யவேண்டுமெனத் தனி அங்கத்தவர் மசோதா கொண்டுவந்தவர் அவர். 2017 ஜூலையில் அத்தடை நாட்டின் சட்டமாயிற்று. 2018 நவம்பரில் அன்றைய ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, அச்செயல் யாப்புக்கு முரணானதென உயர் நீதிமன்றம் டிசெம்பர் 13 ஆம் நாள் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் உழைத்த சட்டத்தரணிகளுள் அவரும் ஒருவர்.

அவர்மீது மக்கள் கொண்ட குறை யாது? 2015 முதல் 2019 வரை கொழும்பு அரசோடு இணங்கி நின்று புதிய யாப்பு ஒன்றைக் கொணரலாம் என்று அவர் நம்பினார். மக்களையும் நம்பச் சொன்னார். 2016 இல் பாராளுமன்றம் அரசியலமைப்புச் சபையாக மாற்றப்பட்டது. 2017 செப்டெம்பரில் வழிநடத்தற் குழுவின் இடைக்கால அறிக்கை வெளிவந்தது. அதன்பின் அறிக்கை அலுமாரிக்குள் சென்றது, யாப்பு வரவில்லை. முயன்றது குற்றமன்று. ஆயினும் முயற்சி முறிந்தபோது, எங்கே முறிந்தது, யார் முறித்தனர் என்று ஊர் ஊராகச் சென்று விளக்கும் கடமை முயன்றவருக்கே உரியது. அக்கடமை போதிய அளவு நிறைவேறவில்லை. சட்டம் தெரிந்தவர் சந்தியிலே நின்று பேசத் தயங்கினால், சந்தியிலே நிற்பவன் தன் மனம்போன போக்கில் முடிவு செய்வான்.

சிறீதரன் அவர்கள் வேறு வார்ப்பு. கிளிநொச்சியிலே பாடசாலை அதிபராக இருந்து, போர் ஓய்ந்த மறு ஆண்டிலேயே, சாம்பல் ஆறாத மண்ணிலிருந்து 2010 இல் பாராளுமன்றம் சென்றவர். மக்களே அவரது பலம். நிலமும் வீடும் உறவும் இழந்தவர்களின் மொழியை அவர் நூலிற் படித்தவரல்லர். அவர்கள் நடுவே வாழ்ந்து கற்றவர். 2015 இல் 72,058, 2020 இல் 35,884, 2024 இல் 32,833 என மூன்று தேர்தல்களிலும் தம் பட்டியலில் விருப்பு வாக்கில் முதலிடம் அவருக்கே. இதனை வெறும் மேடைப் பேச்சின் பயன் என்று தள்ளுவோர் மக்களை இழிவு செய்கின்றனர். தம்மோடு நிற்பவன் யார் என்பதை மக்கள் அறிவர்.

அவர்மீது கூறவேண்டிய குறையும் உண்டு. மக்களின் வேதனையை எடுத்துரைப்பது பிரதிநிதியின் பாதி வேலை. அவ்வேதனையைச் சட்டமாக, திருத்தமாக, பிரேரணையாக, வழக்காக மாற்றுவது மறுபாதி. முதற்பாதியில் அவர் நிறைந்து நிற்கிறார். மறுபாதியில் அவர் பெயரைச் சுட்டி நிற்கும் செயல்கள் குறைவு. மேலும், 2024 செப்டெம்பர் முதலாம் நாள் வவுனியாவிற் கூடிய கட்சியின் மத்திய குழு ஜனாதிபதித் தேர்தலில் திரு. சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதெனத் தீர்மானித்தது. அவரோ தமிழ்ப் பொது வேட்பாளரான திரு. பா. அரியநேத்திரனை வெளிப்படையாக ஆதரித்தார். அத்தீர்மானம் தவறு என்று கருத அவருக்கு முழு உரிமையும் உண்டு. ஆனால் தலைமைக்குத் தெரிவானவரே தம் கட்சியின் தீர்மானத்தை மீறுவாராயின், நாளை அவர் தலைமையில் எடுக்கப்படும் தீர்மானத்தை யார் மதிப்பர்?

பிணக்கு கொள்கையிலா, பாதையிலா?

இருவரும் கேட்பது ஒன்றே: பிரிக்கப்படாத நாட்டினுள் தமிழ்த் தாயகத்துக்குச் சமஷ்டி ஆட்சி. 1949 டிசெம்பர் 18 ஆம் நாள் எஸ். ஜே. வி. செல்வநாயகம் கட்சியைத் தொடக்கிய அன்று கேட்டதும் அதுவே. ஆகவே பிணக்கு கொள்கையில் அன்று, பாதையில். ஒருவர் நீதிமன்றப் படியேறிச் செல்கிறார். மற்றவர் மக்கள் திரளோடு வீதியிற் செல்கிறார். இவ்விரு பாதையும் ஒன்றையொன்று மறுப்பனவா? நம் தோட்டங்களையும் வயல்களையும் சான்றாகக் கொண்டு ஆராய்வோம்.

2025 மார்ச் 28 ஆம் நாள் வெளியான வர்த்தமானி அறிவித்தல் ஒன்று, காணித் தீர்வுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் குறித்த காலத்துள் உரிமையை நிறுவவேண்டும், தவறின் அது அரசுக்குரியதாகும் என்றது. இடம்பெயர்ந்து, உறுதி எரிந்து, உரிமையாளர் கடல் கடந்து வாழும் நாட்டில் இதன் பொருள் என்ன என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். அதனை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றவர் ஆசனம் இழந்திருந்த சுமந்திரன். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சட்டம் தெரிந்த ஒருவர் இல்லாதிருந்தால் எத்தனை பரப்புக் காணி எவர் கைக்குப் போயிருக்கும்?

அதே வேளை, நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் போதுமா என்றும் கேட்போம். சுன்னாகத்திலே மின்னிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்து, சுற்றுப்புறக் கிணறுகள் பாழாயின. 2019 ஏப்ரிலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்திக் கம்பனியை 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி பணித்தது. பல ஆண்டு கழித்து வந்த தீர்ப்பு. கேணியும் கிணறுமே உயிராக வாழும் சுண்ணாம்புக்கல் நாட்டிலே, கழிவு கலந்த முதல் மாதத்திலேயே ஊரைத் திரட்டி ஆலை வாயிலில் நிறுத்தும் பிரதிநிதியும் வேண்டும் அல்லவா?

மற்றொன்று. இரணைமடுவின் நீரைக் குடாநாட்டுக்குக் குடிநீராகக் கொணரும் திட்டத்தைக் கிளிநொச்சி நெற்செய்கையாளர் எதிர்த்தனர். தங்கள் சிறுபோகம் வறண்டுவிடும் என்பது அவர்தம் அச்சம். குடாநாட்டாரோ உவர்நீரைக் குடித்துக்கொண்டிருந்தனர். இரு சாராரும் தமிழரே. இரு சாராரும் ஒரே தேர்தல் மாவட்டத்து வாக்காளரே. பின்னர் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கிளிநொச்சி வயலையும் வலிகாமத்துச் செம்மண்ணையும் தீவகத்துக் கடற்கரையையும் ஒருவரே முழுமையாகப் பிரதிநிதித்துவம் செய்ய இயலாது என்பதையே இப்பிணக்கு காட்டிற்று. பட்டியல் முறையின் நன்மை இதுவே: வேறுபட்ட ஆற்றலும் வேறுபட்ட வேரும் உடையோரை ஒரே சின்னத்தின் கீழ் அனுப்பலாம். அந்நன்மையைப் பயன்படுத்தாது, "இவரா, அவரா" என்று கேட்டு நின்றோம். ஒருவர் கிடைத்தார், ஒருவர் இழக்கப்பட்டார்.

வென்றவரும் தேய்ந்தார்

மேலே தந்த எண்களை மீண்டும் பாருங்கள். 2015 இல் 72,058 விருப்பு வாக்குப் பெற்ற சிறீதரன் 2024 இல் பெற்றது 32,833. முதலிடத்தில் நின்றவரே பாதிக்கும் கீழே இறங்கிவிட்டார். காரணம் யாது? கூட்டமைப்பாக நின்ற 2015 இல் வீட்டுக்கு விழுந்த வாக்கு 207,577, ஆசனம் ஐந்து. 2020 இல் 112,967; ஆசனம் மூன்று. கூட்டணிக் கட்சிகள் பிரிந்தபின் 2024 இல் 63,327, ஆசனம் ஒன்று. குளம் வற்றும்போது, கரையில் நின்று எந்த மீன் பெரிது என்று வாதிட்டுப் பயன் என்ன?

ஆசனக் கணக்கையும் சற்று விரித்துரைப்போம்; ஏனெனில் இதனை மேடையில் எவரும் சொல்வதில்லை. மாவட்டத்துக்கு 2024 இல் ஆசனம் ஆறு. 80,830 வாக்குகளோடு முதலிடம் பெற்ற தேசிய மக்கள் சக்திக்குப் போனஸ் ஆசனம் ஒன்று. எஞ்சியவை ஐந்து. நூற்றுக்கு ஐந்து வீதம் எட்டாத அணிகளின் வாக்குகளைத் தள்ளி, மிகுந்ததை ஐந்தால் வகுத்தால், ஓர் ஆசனத்தின் விலை ஏறத்தாழ 48,000 வாக்கு. தமிழரசுக் கட்சியின் 63,327 இல் அது போக மீதி 15,000 சொச்சம். முழு விலை கொடுத்து எவரும் வாங்காத மூன்று ஆசனங்கள் பெரிய மீதி உடையோருக்குச் சென்றன. தேசிய மக்கள் சக்தியின் மீதி 32,000 க்கு மேல். சைக்கிளில் நின்ற தமிழ்க் காங்கிரஸின் வாக்கு 27,986. சுயேச்சைக் குழு 17 இன் வாக்கு 27,855. மூன்றும் அவர்களுக்கே போயின.

ஆக, வீட்டுக்கு ஏறத்தாழ 16,000 வாக்கு மிகுதியாக விழுந்திருந்தால் இரண்டாவது ஆசனமும் கிடைத்திருக்கும். ஒரே பட்டியலில் இருவர் உள்ளே செல்வதற்கு இடமிருந்திருக்கும். நான்காண்டுக்கு முன் வீட்டுக்கு வாக்களித்தோருள் ஏறத்தாழ ஐம்பதினாயிரம் வாக்கு விலகிப் போயிருந்த நிலையில், அவற்றுள் மூன்றில் ஒரு பங்கை மீட்டெடுப்பது இயலாத செயலா? கூட்டுப் பிரசாரம் செய்து அவ்வாக்குகளைத் தேடவேண்டிய நாட்களில், வீட்டுக்குள் இருந்த வாக்கைப் பங்கு போடுவதிலேயே காலம் கழிந்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. முன்னர் கூட்டமைப்பில் இருந்து பிரிந்த கட்சிகள் சங்குச் சின்னத்தில் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியாக நின்று பெற்ற வாக்கு 22,513, ஆசனம் எதுவுமில்லை. வீட்டையும் சங்கையும் கூட்டினால் 85,840. தேசிய மக்கள் சக்தியின் 80,830 ஐ விட அது மிகை. போனஸ் ஆசனம் உட்பட மூன்று ஆசனங்கள் அவ்வணிக்குக் கிடைத்திருக்கும். வாக்குகளைக் கடதாசியில் கூட்டுவதுபோல மனிதர் மனத்தைக் கூட்ட முடியாது என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் பிரிவின் விலை என்ன என்பதை இலக்கத்தில் அறிய விரும்புவோர் இதனைக் குறித்து வைப்பார்களாக.

வேலி வழக்கு

உண்மையில் இவ்விருவரின் போட்டி நவம்பரில் தொடங்கியதன்று. 2024 ஜனவரி 21 ஆம் நாள் திருகோணமலையில் கட்சியின் தலைமைக்கு வாக்கெடுப்பு நடந்தது. சிறீதரன் 184 வாக்கும் சுமந்திரன் 137 வாக்கும் பெற்றனர். முக்கால் நூற்றாண்டு வரலாறு கொண்ட கட்சியில் தலைமைக்குப் போட்டி வாக்கெடுப்பு நடந்தது அதுவே முதல் முறை. அன்று நாடே வியந்தது. முடிசூட்டு விழா நடத்தும் கட்சிகள் மலிந்த இந்நாட்டில், அங்கத்தவர் வாக்கால் தலைவர் தெரிவானது பெருமைக்குரிய செய்தி.

ஆனால் அப்பெருமை ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை. செயலாளர் பதவி பற்றிப் பிணக்கு எழுந்தது, மாநாடு ஒத்திவைக்கப்பட்டது. தெரிவுகள் கட்சி யாப்புக்கு மாறானவை என்று பெப்ரவரியில் திருகோணமலை மாவட்ட நீதிமன்றில் வழக்குத் தாக்கலாயிற்று. மாநாட்டுக்கு இடைக்காலத் தடை வந்தது. வாக்கால் தெரிவான தலைவர் பதவி ஏற்கவில்லை. ஜூன் 30 இல் முதுபெருந் தலைவர் இரா. சம்பந்தன் மறைந்தார். முறையாகப் பதவியேற்ற புதிய தலைவரின்றி, தன் தலைமை வழக்கு முடியாத நிலையில், கட்சி இரு பெருந் தேர்தல்களைச் சந்தித்தது.

குடாநாட்டாருக்கு இக்கதை புதிதன்று. அண்ணனும் தம்பியும் ஒரு முழ வேலிக்கு வழக்காடுவார்கள். காணியின் பெறுமதியிலும் மேலான காசு கச்சேரிக்கும் கோட்டுக்கும் போகும். வழக்கு முடியுமுன் கிணறு தூர்ந்துவிடும், காணி பற்றைக்காடாகும், பிள்ளைகள் பேச்சுவார்த்தையில்லாமற் போவார்கள். ஆயினும் அதே குடாநாட்டில்தான், ஒரு கிணற்றில் பல குடும்பங்கள் பங்கு வைத்து, முறை வகுத்து, தத்தம் முறையில் இறைத்து, பயிரைக் காப்பாற்றியும் வருகிறார்கள். முறை தவறாதிருக்கும் மட்டும் பங்காளிகள் பகைவராவதில்லை. போட்டி இருப்பது கேடன்று. போட்டியின் முடிவை இருவரும் தலைவணங்கி ஏற்பதற்கு ஒரு முறை இல்லாதிருப்பதே கேடு. நாம் சொல்ல விரும்புவது இந்த ஒன்றே.

வெளிநாட்டு அனுபவமும் இதனையே கூறும். ஜப்பானில் நெடுங்காலம் ஒரே தொகுதிக்குப் பல அங்கத்தவர் தெரிவாயினர். ஆளுங் கட்சியின் அபேட்சகர்கள் ஒருவரோடொருவர் மோதினர். கட்சிக்குள் கோஷ்டிகள் வலுத்தன. கொள்கை மங்கிப் பணமும் சலுகையும் பேசின. 1994 இல் அந்நாடு அம்முறையையே கைவிட்டது. அமெரிக்காவிலோ, ஒரே கட்சியினர் மோதுவதற்கெனத் தனித் தேர்தலே உண்டு. காங்கிரஸ் ஆசனத்துக்கு ஒரே கட்சியின் இருவர் விரும்பினால், முதல்நிலைத் தேர்தலில் கட்சி ஆதரவாளர் முன்னே பொருதி முடிவு காண்பர். வென்றவரே பொதுத் தேர்தலில் கட்சியின் பெயரால் நிற்பார். அங்கே மோதல் முதலில், ஒற்றுமை பின்னர். நம்மிடமோ மோதலும் ஒற்றுமையும் ஒரே நாளில், ஒரே வாக்குச் சீட்டில். ஆகவே நமக்கு ஒழுங்கு இன்னும் மிகுதியாக வேண்டும்.

செய்யத்தக்கது யாது?

கட்சிக்கு நாம் கூறுவன இரண்டு. ஒன்று: தலைமைத் தெரிவு, அபேட்சகர் தெரிவு ஆகியவற்றில் எழும் பிணக்கைத் தீர்க்க, பதவி விரும்பாத மூத்தோரும் சட்ட அறிஞரும் கொண்ட நடுவர் குழு ஒன்று கட்சி யாப்பிலேயே இடம்பெறவேண்டும், அதன் முடிவை ஏற்பதாக ஒப்பமிட்டவருக்கே நியமனம் கொடுக்கவேண்டும். இரண்டு: ஒரே பட்டியலில் நிற்பவர் தம் தோழரை மேடையிலோ பத்திரிகையிலோ இழித்துரைத்தால், தேர்தல் முடிந்தபின் விசாரணை வைத்துப் பயனில்லை; நியமனப் பத்திரம் தாக்கல் செய்யுமுன்னரே அதற்குரிய விதி எழுதப்பட்டிருக்கவேண்டும்.

வாக்காளருக்குக் கூறுவன இன்னும் முக்கியமானவை.

படித்த உத்தியோகத்தரே, ஆங்கிலத்தில் சிறப்பாகப் பேசுகிறார் என்பதற்காக ஒருவரை மேலானவர் என்றும், தமிழில் உரத்துப் பேசுகிறார் என்பதற்காக மற்றவரைக் கீழானவர் என்றும் எண்ணாதீர். தோட்டக்காரரே, செத்த வீட்டுக்கும் சாமத்திய வீட்டுக்கும் வந்தார் என்பதற்காக மட்டும் ஒருவரை நம்மவர் என்றும், வராதவரை அந்நியர் என்றும் கொள்ளாதீர். இருவரையும் நிறுத்தி வைத்து நான்கு கேள்விகள் கேளுங்கள். காணி, நீர், கடல், சிறைப்பட்டோர் ஆகிய இவற்றில் கடந்த பதவிக் காலத்தில் நீர் செய்த செயல் ஒன்றைத் தேதியோடு கூறும். வெங்காயம் கிளறும் காலத்தில் வெளிநாட்டு வெங்காயம் வந்திறங்கினால், எந்த அமைச்சின் கதவை எந்த விதியின்கீழ் தட்டுவீர்? உமது கருத்துக்கு மாறாகக் கட்சி தீர்மானித்தால் என் செய்வீர்?

நான்காவது கேள்வியே உரைகல். "என்னிடம் மூன்று விருப்பு வாக்கு உண்டு. ஒன்று உமக்கு. மற்ற இரண்டையும் உமது பட்டியலில் யார் யாருக்கு இடச் சொல்கிறீர்?" இக்கேள்விக்குத் தம் தோழர் இருவரின் பெயரைத் தயங்காமற் கூறுபவரே கட்சியின் அபேட்சகர். தமக்கு மட்டும் ஒன்றை இட்டு மற்றவற்றை வெறுமையாக விடச் சொல்பவர் தம் ஒருவருக்கே அபேட்சகர். அவர் எவ்வளவு கெட்டிக்காரராயினும், எவ்வளவு தியாகியாயினும், அவர் கையிலே கட்சி நிலையாது.

வாக்கிடும் முறையையும் அயலவருக்குச் சொல்லிக் கொடுங்கள். 2024 இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. ஓர் ஆசனத்தை மாற்றப் போதுமான வாக்குகள் அவை! கட்சிக்குப் புள்ளடி இடாமல் இலக்கத்துக்கு மட்டும் புள்ளடி இட்டால் அது செல்லாது. இரு கட்சிகளுக்கு இட்டால் செல்லாது. வாசிகசாலைதோறும், கமக்காரர் சங்கம்தோறும், ஒரு மாதிரிச் சீட்டை ஒட்டி விளக்குவதற்கு எக்கட்சியின் அனுமதியும் வேண்டியதில்லை.

இவையெல்லாம் அடுத்த பாராளுமன்றத் தேர்தலுக்கு மட்டும் உரியன அல்ல. 2013 இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக் கணக்காக மக்கள் பிரதிநிதிகளின்றி ஆளுநர் கையில் மாகாணம் விடப்பட்டது. மாகாண சபையாயினும் பாராளுமன்றமாயினும் ஆசை ஒன்றே. இருவர் மோதும் காட்சியை மீண்டும் காண்போம் என்பது திண்ணம்.

அன்று, வழக்காடத் தெரிந்தவனையும் மக்களைத் திரட்டத் தெரிந்தவனையும் எதிர் எதிரே நிறுத்தி நாம் வேடிக்கை பார்க்கலாகாது. ஊர் இரண்டுபட்டால் யாருக்குக் கொண்டாட்டம் என்பதை நம் முன்னோர் சொல்லிவைத்துப் போயினர். ஏரிலே இரண்டு மாடு பூட்டுவது ஒன்றையொன்று முட்டுவதற்கன்று. உழவு நடக்கவேண்டுமானால் நுகம் வேண்டும். அந்நுகத்தைச் செய்து கொடுக்கவேண்டியது கட்சி. அதற்குக் கழுத்துக் கொடுக்கவேண்டியவர் அபேட்சகர். மேழியைப் பிடித்திருப்பவர் வாக்காளர். மேழி நம் கையில் இருக்கும் வரை, சால் கோணினால் மாட்டை மட்டும் நோவதிற் பயனில்லை.